வாசல் வைக்காத கோட்டை

மரம் வெட்டும் சத்தம்தான் முதலில் கேட்டது. ஈரக் கட்டையில் கோடரி விழுகிற அந்தத் தடித்த "டொக்", பிறகு கிளை முறிகிற ஓசை, அதற்கும் பின்னால் எங்கோ ஒரு மாடு கழுத்தை ஆட்டுகிற மணிச் சத்தம். கண்ணை மூடியே படுத்திருந்தால், மலாக்கா நகரத்தின் காஜா பெராங்கில் நான் பிறந்த பலகை வீட்டின் பின்புறம் என்றே நினைத்திருப்பேன். கண்ணைத் திறந்தால் புக்கிட் ரம்பாயில் என் மகன் வீட்டு அறை, சுவரில் சாய்த்து வைத்த என் ஊன்றுகோல், கட்டிலுக்கு எதிரே இழுத்துப் போட்ட மேசையில் கணினித் திரை, அதற்குள் கட்டைவிரல் உயர மனிதர்கள் சிலர் சளைக்காமல் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட கிழவனுக்கு வேறென்ன வேலை கொடுக்க முடியும்? என் மகன் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களை மேற்பார்வை பார்க்கிறவன், ஷிப்டு முடிந்து வந்தால் இந்த விளையாட்டில்தான் கிடப்பான். நான் நாள் முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சகிக்காமல், "சும்மா படுத்துக்கிட்டே இருக்காதீங்கப்பா, இத டிரை பண்ணிப் பாருங்க, ஊர் கட்டுற கேம்தான்" என்று கணினியின் மவுஸைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஐரோப்பாவில் ராஜாக்கள் குதிரையேறிச் சண்டை போட்ட காலமாம். எனக்கு ஒரு வெற்று நிலமும், கூடாரத்தில் தங்கியிருக்கும் சில குடும்பங்களும், ஒரு எருதும் தந்திருந்தார்கள். வீடு, கிணறு, களஞ்சியம், சந்தை, கோட்டைச் சுவர் என்று ஒவ்வொன்றாக நான் எழுப்ப வேண்டும். சோறும் விறகும் கும்பிட ஒரு கோயிலும் இருந்தால் சாலை வழியே புதுக் குடும்பங்கள் வந்து சேரும். இல்லாவிட்டால் இருக்கிற குடும்பமும் மூட்டை கட்டிவிடும்.

கட்டுகிற மும்முரத்தில் நான் வீடுகளாகக் கட்டித் தள்ளினேன், களஞ்சியத்தை எட்டிப் பார்க்கவில்லை. பனி விழத் தொடங்கியதும் தானியம் தீர்ந்தது. சந்தைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வெளியே வந்து, அவர்களுக்குப் பின்னால் ஒரு சின்ன உருவமும் வந்து, மூவரும் சாலையில் நடக்கத் தொடங்கினார்கள். நான் அவர்கள் மேல் அழுத்தினேன், வீட்டின் மேல் அழுத்தினேன், திரையில் இருந்த எல்லாப் படத்தின் மேலும் அழுத்திப் பார்த்தேன். அவர்கள் அவசரப்படாமல் நடந்து நிலத்தின் விளிம்புக்குப் போய்க் காணாமல் போனார்கள். அந்தச் சின்ன உருவம் கடைசியாகப் போனது. இந்த விளையாட்டை நான் முன்பே விளையாடியிருக்கிறேன், அப்போதும் இப்படித்தான் தோற்றேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருகிற தேதியை எங்கள் மலாக்காத் திடலில் வைத்துத்தான் முதலில் அறிவித்தார்கள். அதற்குச் சற்று முன்னும் பின்னுமான காலம் அது. காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகள் குடியிருந்த கம்பத்தை, அதாவது அவர்களுடைய சிற்றூரை ஒட்டி, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு பலகை வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வந்தவர், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவில் தோட்டக்காரர். அம்மா அதிகம் பேசாதவள். அக்கா லெட்சுமிக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. நாங்கள் இருவரும் அந்தப் பலகை வீட்டில்தான் பிறந்தோம்.

வீட்டுக்காரர் ஒரு செட்டி. நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போவார், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். "அப்பா", "பொங்கல்" என்று நடுநடுவே நம் சொல் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். அவருடைய முன்னோர்கள் சுல்தான் காலத்தில் கப்பலில் சரக்கோடு வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்கள் என்பதை, நேற்று மாலை நடந்த சங்கதி போலச் சொல்லுவார். அவர் மகள் மீனாச்சி எங்கள் கூட்டாளி. அவளோடு நாங்கள் மலாயில் பேசுவோம், எங்களுக்குள் தமிழில் சண்டை போட்டுக்கொள்வோம்.

அவர் சொன்ன கதையிலிருந்துதான் அந்த விளையாட்டு பிறந்தது. வீட்டுக்குப் பின்னால், நாங்கள் "லோங்காங்" என்று சொல்லும் பெரிய சாக்கடைக் கால்வாயின் கரையில், செம்மண்ணைக் குழைத்து அக்கா சுல்தானின் மலாக்காவைக் கட்டத் தொடங்கினாள். லோங்காங்தான் ஆறு, ஆற்றின் கழிமுகம், கடல், எல்லாமே. தீப்பெட்டிகள் வீடுகள். பால் டின் களஞ்சியம். உடைந்த ஓடுகளை நெருக்கமாக நட்டு மண் பூசியது கோட்டைச் சுவர். கோயில் வளாகத்துப் பெரிய மரத்தடியில் சிவப்பாகக் கொட்டிக்கிடக்கும் "சாகா" விதைகள்தான் ஜனங்கள். மீனாச்சி சுல்தான், ஏனென்றால் நிலம் அவள் அப்பாவுடையது. அக்கா பெண்டஹாரா, அதாவது முதன்மந்திரி, எல்லா வேலையும் அவளுடையது, எல்லா அதிகாரமும் அவளுடையதுதான். எனக்குக் கிடைத்தது வாசல் காவல். ஆற்றைப் பார்த்த பக்கம் கோட்டைக்கு ஒரே ஒரு வாசல் விட்டிருந்தாள், அதன் இருபுறமும் இரண்டு கூழாங்கற்கள், அவைதான் நான்.

அம்மாவின் தாயக்கட்டத்துச் சோழிகளைத் தினமும் பள்ளி விட்டதும் உருட்டுவோம். எல்லாம் மல்லாந்து விழுந்தால் கப்பல் வந்தது என்று அர்த்தம், புது விதைகளை வாசல் வழியே உள்ளே கொண்டுவரலாம். எல்லாம் கவிழ்ந்து விழுந்தால் பஞ்சம். டின்னில் போட்டுவைத்த அரிசி விதைக்கு ஒன்றாகப் போதாவிட்டால், மிஞ்சிய விதைகளை நான் வாசல் வழியே வெளியே எடுத்து லோங்காங்கில் விட வேண்டும். அப்படி விடுகிறபோது அக்கா கொஞ்சமும் இரங்கமாட்டாள். சட்டம் என்றால் சட்டம் என்பாள். தண்ணீரில் சிவப்பாக ஒன்று மூழ்குவதை நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவோம். எங்கள் நகரம் பெரிதாகிக்கொண்டே போனது. மீனாச்சியின் அப்பாகூட ஒரு நாள் குந்தி உட்கார்ந்து, சுங்கச் சாவடியை ஆற்றோரம் தள்ளி வைக்க வேண்டும் என்று எங்கள் பெண்டஹாராவுக்கு ஆலோசனை சொன்னார்.

திடலில் தேதி சொன்ன நாளுக்குப் பிறகு அப்பா மாறிப்போனார். ஊரே குதூகலமாக இருந்தது, கடைகளில் பேச்செல்லாம் கொடியைப் பற்றியும் பாட்டைப் பற்றியும்தான். அப்பா மட்டும் வேலை விட்டு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலையை மடிக்காமலே கையில் வைத்துக்கொண்டிருப்பார். வெள்ளைக்காரன் கப்பலேறுகிறபோது அவன் கொண்டுவந்த ஆட்களையும் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், கடைசியில் போகிறவர்களுக்குக் கப்பலில் இடம்கூடக் கிடைக்காது என்று ரப்பர் தோட்டப்புறங்களிலிருந்து ஒரு பேச்சு கிளம்பி வந்திருந்தது. யார் கிளப்பினார்களோ, பாவிகள். குருபோங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த எங்கள் அத்தை குடும்பம் அதை நம்பி மூட்டை கட்டத் தொடங்கியது.

வீட்டுக்காரர் சிரித்தார். தன்னையும் தன் ஆட்களையும் யார் எங்கே அனுப்புவார்கள், நீயும் பேசாமல் இரு என்று அப்பாவிடம் மலாயில் சொன்னார். அப்பா மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, அவர் போனபிறகு அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"அவங்க வேற. அவங்க கப்பல்ல யாவாரத்துக்கு வந்தவங்க. நம்மள ஆள் கட்டிக் கொண்டாந்தது வெள்ளக்காரன். தொரயே போறாரு, நாம என்னான்னு சொல்லி இங்க இருக்கிறது?"

அதை நினைத்து நான் பிற்காலத்தில் எத்தனையோ முறை ஆத்திரப்பட்டிருக்கிறேன். ரோஜாச் செடிக்கு மண் அணைக்கிற மனிதர், தன்னையும் அந்தத் துரையின் தொட்டிச் செடிகளில் ஒன்றாக எண்ணிக்கொண்டார். ஆனால் அந்த அச்சம் நடிப்பில்லை. பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு கடைசிக் கப்பலில் அல்லாட முடியாது, முதலில் லெட்சுமி அத்தையோடு போகட்டும், பின்னாலேயே நாம் போகலாம் என்று முடிவு செய்தார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அக்கா அழுது அடம் பிடிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். அப்பா சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம் பார்த்து, சொம்பை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"நான் கப்பல்லயே ஏறினதில்லையேப்பா. அப்புறம் நான் எப்படித் திரும்பிப் போறது?"

ஊருக்குப் போவதற்கு என்ன கேள்வி வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. அவருக்கு உண்மையாகவே அந்தக் கேள்வி விளங்கவில்லை. எங்கள் வீட்டில் யார் கேட்டாலும், "எந்த ஊரு?" என்றால் அப்பாவின் கிராமத்தைத்தான் சொல்லவேண்டும். நானும் சொல்வேன், அக்காவும் சொல்வாள், கண்ணால் பார்க்காத ஊரை. அப்பாவைப் பொறுத்தவரை குலதெய்வம் எங்கே இருக்கிறதோ அதுதான் ஊர், பிள்ளை பிறந்த இடம் என்பது வெறும் பிரசவம் நடந்த இடம். எங்களைப் போன்ற குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தன.

மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் கோட்டை வாசல் இல்லை. அக்கா அந்த இடத்திலும் ஓடு நட்டு மண் பூசி மெழுகியிருந்தாள். என் இரண்டு கூழாங்கற்களும் சுவருக்கு உள்ளே கிடந்தன. மீனாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. வாசல் இல்லாவிட்டால் கப்பலில் வரும் ஜனங்கள் எப்படி நுழைவார்கள், அரிசி எந்த வழியாக வரும், இதற்குப் பெயர் கோட்டையா என்று மலாயில் பொரிந்து தள்ளினாள். நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன், என் உத்தியோகமே போய்விட்டதே. இனிமேல் யாரும் உள்ளே வரவும் வேண்டாம், வெளியே போகவும் வேண்டாம், இருக்கிறதை வைத்துச் சாப்பிடுவோம் என்றாள் அக்கா. அன்று சோழிகள் கவிழ்ந்து விழுந்து, டின்னில் அரிசி போதாமல் போனபோதும் அவள் ஒரு விதையைக்கூட எடுக்க விடவில்லை. சட்டத்தை மாற்றிவிட்டேன் என்றாள். சுல்தானுக்கு அந்தச் சட்டம் பிடிக்காமல், சோழிகளைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர்கள் புறப்பட்டது ஒரு நாள் காலையில். கிள்ளான் துறைமுகம் வரை போவதற்கு லாரி ஏற்பாடு செய்திருந்தார்கள். அத்தை குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தது. அக்காவைக் காணவில்லை. எனக்கு அவள் எங்கே இருப்பாள் என்று தெரியும். பின்புறம் ஓடினேன். புதுப் பாவாடையில் மண் படாமல் தூக்கிச் செருகிக்கொண்டு, முந்தின இரவு மழையில் சரிந்திருந்த சுவரின் ஒரு பக்கத்தை விரலால் வழித்துவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை லோங்காங்கில் கழுவினாள்.

"வாசல மட்டும் தெறந்துடாதடா. நான் வந்து தெறக்கிறேன். அது வரைக்கும் ஒருத்தரயும் வெளிய விடாத."

சரி என்றேன். ஒன்பது வயதுப் பையனுக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு என்ன இருக்க முடியும்? லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. கையசைத்தாளா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அம்மா சாலை வரைக்கும் வரவில்லை, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

நான் காவல் காத்தேன். ஓலையை முடைந்து நகரத்துக்கு மேலே கூரை போட்டேன், கால்வாய்ப் பக்கம் கல் அடுக்கினேன். சோழி உருட்டவில்லை, உருட்டினால் பஞ்சம் வந்துவிடுமோ என்று பயம். மீனாச்சி கோபம் தீர்ந்து வந்து எனக்கு உதவினாள். ஆனால் அது மழைக்காலம். ஒரு மத்தியானம் பிடித்த மழை மாலை வரை விடாமல் கொட்டியதில் லோங்காங் பொங்கிக் கரைமேல் ஏறிவிட்டது. மழை விட்டு நாங்கள் போய்ப் பார்த்தபோது அங்கே நட்ட ஓடுகள் சிலதும் கவிழ்ந்த பால் டின்னும் இருந்தன. சாகா விதைகள் ஒன்றுகூட இல்லை. மீனாச்சி வேறு விதைகள் பொறுக்கி வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், அவை வேறு ஆட்கள்.

சுதந்திரம் வந்தது. வாணவேடிக்கை விட்டார்கள், பள்ளியில் மிட்டாய் கொடுத்தார்கள். யாரும் யாரையும் கப்பலில் ஏற்றவில்லை. துரை போனார், அவர் இடத்துக்கு ஒரு மலாய்க்காரர் வந்தார். அவர் அப்பாவைக் கூப்பிட்டு, ரோஜாக்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான். அன்று மாலை வீட்டுக்கு வந்த அப்பா வாசற்படியில் உட்காரவில்லை. நேராகப் பின்புறம் போய், விறகைப் பிளக்கத் தொடங்கி, தேவைக்கு மேல் பிளந்துகொண்டே இருந்தார். அந்தச் சத்தம்தான் எனக்குக் கணினியில் கேட்டது.

பிறகு அக்காவைத் திரும்ப அழைக்க அப்பா அலைந்தார். ஊரிலிருந்து அத்தை இன்று நாளை என்று தள்ளியதில் காலம் போயிருந்தது, அதற்குள் சட்டமும் இறுகிவிட்டது. குடிநுழைவு அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு தமிழர்தான், நல்ல மனிதராகவே பேசினார், மகளுக்கு எந்த ஊர் என்று கேட்டார். அப்பா கைகட்டி நின்று, எப்போதும் சொல்கிற மாதிரியே, நாகப்பட்டினத்துப் பக்கத்துக் கிராமத்தின் பெயரைச் சொன்னார். அவரும் அதையே எழுதிக்கொண்டார். அங்கேயிருந்து வருகிற அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது என்றார். காஜா பெராங், இங்கேயே பிறந்தவள் என்று அப்பா சொல்லியிருந்தால் கதை வேறு என்பது எங்களுக்குத் தெரியவந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தையும் பிறந்திருந்தது.

நான் வேலைக்குப் போய்க் குடும்பமான பிறகு ஒருமுறை அந்தக் கிராமத்துக்குப் போனேன். பேருந்து நிறுத்தத்தில் லெட்சுமி வீடு என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, அடையாளம் சொன்னதும், "அட, மலாக்காக்காரி வீடா" என்று வழிகாட்டினார்கள். அந்த ஊரில் அவளுக்கு அதுதான் பெயர். முன்பல் விழுந்து, முடி நரைத்து, அம்மாவைவிடக் கிழவியாக என் அக்கா வெளியே வந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்க தம்பி" என்றாள். என்னை "டா" போட்டுத்தான் கூப்பிடுவாள் என்று கப்பல் ஏறியதிலிருந்து நினைத்துக்கொண்டு போனவன் நான். சாப்பிடுகிறபோது கோட்டையைப் பற்றியும் சாகா விதைகளைப் பற்றியும் சொன்னேன். அப்படியெல்லாமா விளையாடினோம் என்று சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அது விருந்தாளிக்குச் சிரிக்கிற சிரிப்பு. அவளுக்கு நினைவில்லையா, நினைக்க விரும்பவில்லையா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் துணிவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வந்தது அவள் இறந்துபோன செய்திதான்.

காஜா பெராங்கில் எங்கள் பலகை வீடு நின்ற இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. லோங்காங்கைக் கான்கிரீட் பலகை போட்டு மூடிவிட்டார்கள், அடியில் தண்ணீர் ஓடுகிறதா என்றுகூடத் தெரியாது. சாகா மரம் இல்லை. மீனாச்சியும் காலமாகிவிட்டாள். அவளுடைய ஆட்கள் சிலர் கம்பத்தில் இன்னும் இருக்கிறார்கள், சுற்றிலும் எழும்பிவிட்ட மாடிக் கட்டடங்களின் நிழலில். அந்த நகரத்தைப் பார்த்தவர்களில் இன்றைக்கு மிச்சம் இருப்பது நான் ஒருவன், அதுவும் எழுந்து நடக்க முடியாதவன்.

ஆகவே கணினியில் முதலிலிருந்து தொடங்கினேன். இந்தமுறை களஞ்சியத்தை நிரப்பினேன், விறகு சேர்த்தேன், பிறகு எல்லா வீடுகளையும் சுற்றிக் கோட்டைச் சுவர் எழுப்பினேன், வாசல் வைக்கவில்லை. மகன் ஷிப்டு முடிந்து வந்தபோது திரையில் பனிக்காலம். விறகு வெட்டுகிறவர்கள் காட்டுக்குப் போக வழியில்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து ஒரு குடும்பம் மூட்டையோடு வெளியே வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்கள் நேராகச் சுவரை நோக்கி நடந்து, அது அங்கே இல்லாதது மாதிரி, கல்லுக்குள்ளே புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்து, சாலையைப் பிடித்து நடந்தார்கள்.

"போறதுன்னு முடிவாயிட்டா அதுங்களுக்குச் சுவரெல்லாம் கிடையாதுப்பா" என்றான் மகன், என் தோளுக்கு மேலே குனிந்து. "ஏன் வாசலே வைக்கல நீங்க?"

அக்கா வைக்க வேண்டாம் என்று சொன்னாள் என்றேன்.

"எந்த அக்கா? இந்தியா அத்தையா?"

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவளை அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். திரையில் அந்தக் குடும்பம் நிலத்தின் விளிம்பை நெருங்கியிருந்தது. ஆமாம், இந்தியா அத்தைதான் என்றேன்.